முதுகுக்குள் ஒரு கசிவு

பகல் வேளையில் கணவன் வீட்டுக்கு வந்தால் ஒன்று ஸ்டிரைக்காக இருக்கும், இல்லை வண்டி ரிப்பேராக இருக்கும். அன்றைக்கு இரண்டும் இல்லை. வார விடுமுறையில் ஜன்னல் திரைகளை ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள், நுரை வழியும் கையோடு போய்க் கதவைத் திறந்தாள். நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவன் மாதிரி நின்றிருந்தான் அவன்.

"என்னங்க, வண்டி நின்னுபோச்சா?"

"வண்டி ஓடுது. நான்தான் நின்னுட்டேன்."

அவன் பஸ் டிரைவர். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகிற, யாரும் விரும்பாத நீண்ட ரூட் அவனுடையது. அவனுக்கு அதுதான் பிடித்த ரூட். டிப்போவில் அவனுக்குப் பெயர் 'டேங்க்'. வழியில் எங்கும் இறங்காமல், சிறுநீர் கழிக்கக்கூட ஒதுங்காமல், காலையிலிருந்து மத்தியானம் வரை ஓட்டிவிடுவான் என்பதால் வந்த பட்டம். கடைசி ஸ்டாப்பில் இருக்கும் கழிப்பறையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தத் திறமையின் அருமை புரியும்.

அவனுக்குப் பின்னால் டிப்போ கன்ட்ரோலர் நின்றிருந்தார். எந்த டிரைவர் எந்த வண்டியில் போக வேண்டும் என்று தினமும் காலையில் பிரித்துக் கொடுப்பவர் அவர். பழைய டிரைவர். குரல் இன்னும் என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரல்.

"பதறாதே தங்கச்சி. டிரைவர் இடுப்பு. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இருக்கறதுதான். வெந்நீர்ப் பை வச்சு ஒரு தூக்கம் போடச் சொல்லு, சாயங்காலம் எந்திரிச்சு ஆடுவான்."

"எனக்கு ஆடத் தெரியாதே அண்ணே," என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்ப வர்றப்ப வேன்ல ஆடினியே, அது என்ன?"

கன்ட்ரோலர் சிரித்துக்கொண்டே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் அவனைத் தாங்கிப் பிடித்துப் படுக்கையில் சாய்த்தாள். எப்படி வந்தது என்று கேட்டாள்.

"சிக்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன். கையை நீட்டி சைடு கண்ணாடியைத் திருப்பினேன். அவ்வளவுதான். யாரோ கீழ் முதுகுல ஸ்குரூ டிரைவரை வச்சு ஒரு திருகு திருகின மாதிரி இருந்துச்சு. அங்கேர்ந்து ரெண்டு தொடைக்கும் இறங்கிச்சு."

"கனமா எதையாவது தூக்கினீங்களா?"

"பஸ்ஸையா தூக்குவாங்க?"

அவள் வெந்நீர்ப் பையை வைத்தாள். அது அவளுக்குச் சமாதானமாக இல்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்குமாக நடந்தாள். திரைகளைப் பிழிய மறந்து, பிழிந்ததை உலர்த்த மறந்து, மறுபடி வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அவளை உட்காரவிடவில்லை.

போன வருடம் அவனுக்குப் படபடப்பு வந்தது. ஊரின் மறுபக்கத்தில், டிப்போ ஆட்கள் யாரும் போகாத ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, அதனால் உள்ளே ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடலாம் என்றார் அங்கிருந்த வயதான டாக்டர். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தார். தினமும் ஒன்று, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. "எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல் வார்த்தையா இந்த மாத்திரையைச் சொல்லணும். கண்ட வலி மாத்திரை, வலி ஊசி எதுவும் கூடாது, இதோட சேர்ந்தா ரத்தம் நிக்காது. எங்கேயாவது ரத்தம் கசிஞ்சா உடனே வரணும்" என்று அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவனிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது.

டிப்போவின் சட்டம் வேறு. இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பஸ் கழுவுகிற இடத்துக்கோ, பயணிகள் தவறவிட்ட குடைகளைக் காக்கிற அறைக்கோ அனுப்பிவிடுவார்கள். "குடைக்குக் காவல் இருக்கறதுக்கு நான் செத்துடலாம்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டான். மாத்திரைப் பட்டை பொத்தான் டப்பாவுக்குள் போயிற்று. ரத்தப் பரிசோதனைக்கும் கொஞ்ச நாளாகப் போகவில்லை. கை மடிப்பில் பிளாஸ்திரியோடு வேலைக்குப் போனால் பசங்க கேட்பார்கள் என்றான்.

இப்போது அவள் அவன் மூக்கைப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி ஈறுகளைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி முதுகு முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

"என்ன தேடறே? புதையலா?"

"ரத்தம்."

"முதுகு வலிக்குது, மூக்கைப் பார்க்கறே. நல்ல டாக்டர்."

எங்கும் ரத்தம் இல்லை என்று கொஞ்சம் மூச்சு வந்தது அவளுக்கு. அவன் கேட்டான் என்று ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொம்பு. பிறகு அவன் முகம் கழுவ எழுந்தான். இரண்டு அடி வைத்தான். மூன்றாவது அடிக்குக் கால் வரவில்லை. நாற்காலியைப் பிடித்து, அதோடு சேர்ந்து சரிந்து, எப்படியோ அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்தவன் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏய், கீழே நாற்காலி இருக்கா?"

"அதுமேலதானே உட்கார்ந்திருக்கீங்க."

"தெரியலையே. பஞ்சுல உட்கார்ந்த மாதிரி இருக்கு. பஞ்சுகூட இல்ல. எதுவுமே இல்லாத மாதிரி."

அவள் போனை எடுப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான். அழைத்தது யாரை? கன்ட்ரோலரை. அவனுக்குக் கஷ்டம் என்றால் விரல் தானாகப் போவது அந்த நம்பருக்குத்தான். வேண்டாம் என்று அவள் சைகை காட்டியதை அவன் கவனிக்கவே இல்லை. பேசி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"அண்ணன் வேனோட வர்றாரு," என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்த மாத்திரையைப் பத்தி அங்கே மூச்சு விடாதே."

"டாக்டர்கிட்டயாவது சொல்லணும்ங்க."

"கன்ட்ரோலர் பக்கத்துல நிப்பாரு. சொன்னா இன்னிக்கே ஸ்டியரிங் போச்சு. இது டிரைவர் இடுப்பு. ஊசி போட்டா சரியாயிடும். என் மேல சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணவில்லை. செருப்பு தேடுகிற சாக்கில் உள்ளே போய், பொத்தான் டப்பாவிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவு ஒரு நீண்ட அறை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். டியூட்டி டாக்டர் வயதில் சின்னவர், கேன்வாஸ் ஷூ போட்ட பெண். நின்ற இடத்தில் நிற்காமல் கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன வேலை சார் பண்றீங்க?"

"பஸ் டிரைவர்."

"எத்தனை நாளா முதுகு வலி?"

"வலின்னு பார்த்தா ஒரு வாரமா இருக்கு. இந்த மாதிரி வலி இன்னிக்குக் காலையிலேர்ந்துதான்."

"சுகர், பிரஷர், இதயப் பிரச்சனை ஏதாவது?"

"இல்ல."

"தினமும் சாப்பிடற மாத்திரை?"

"இல்ல."

அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் பிடி ஒரு சுற்று இறுகியது. கட்டிலின் கால்மாட்டில் கன்ட்ரோலர் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, சொந்தத் தம்பியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். அந்த நேரத்தில் அவர் அவ்வளவு நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"டிஸ்க் நகர்ந்திருக்கலாம். டிரைவர்களுக்குச் சகஜம்," என்ற டாக்டர் நர்ஸிடம் திரும்பினார். "முதல்ல ஒரு வலி ஊசி போடுங்க சிஸ்டர். நான் இதோ வர்றேன்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நர்ஸ் ஊசி எடுக்கப் போனார்.

வலி ஊசி கூடாது. கிளினிக் பெரியவர் சொன்னது அவள் காதில் அப்படியே கேட்டது. கன்ட்ரோலரை எப்படியாவது வெளியே அனுப்பிவிட்டால் டாக்டரிடம் சொல்லிவிடலாம்.

"அண்ணே, வெளியில சீட்டு போடணும்னாங்க."

"போட்டுட்டேன் தங்கச்சி." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"குடிக்கத் தண்ணி..."

தோள் பையிலிருந்து ஒரு பாட்டில் வந்தது.

"வேனை வழியில நிறுத்தியிருக்கீங்களோ என்னவோ. யாராவது திட்டப் போறாங்க."

"வாட்ச்மேன் நம்ம பழைய கண்டக்டர்தான். நான் இருக்கேன், நீ எதுக்கும் அலையாதே. ஒரு இடத்துல உட்காரு."

உட்கார முடியவில்லை. அவள் வேலை பார்ப்பது குடிநீர்ப் புகார் அலுவலகத்தில், டெலிபோனில். மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்கள், தாங்களே மெயின் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதைச் சொல்லவே மாட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிடுவார்கள். 'இவங்க மறைக்கறதைத் தோண்டறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்' என்று சக ஊழியர்களிடம் அலுத்துக்கொள்வாள். இன்றைக்கு அவள் அந்த மாதிரி ஒரு ஆளாக, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் திரும்பி வந்தார். ஏதோ நினைவு வந்தவர் போல ஒரு கேள்வி கேட்டார்.

"யூரின் ஒழுங்கா போகுதா?"

"அதெல்லாம் பிரச்சனையே இல்ல," என்றான் அவன்.

கன்ட்ரோலருக்கு இது பேச வேண்டிய இடமாகப் பட்டது. "டாக்டர், இவனைப் போய் அந்தக் கேள்வி கேக்கறீங்களே. இவன் பேரே டேங்க். முழு டிரிப்பும் அடக்குவான். எங்க டிப்போவுல இவனை அடிச்சுக்க ஆள் கிடையாது."

டாக்டர் சிரிக்கவில்லை. "கடைசியா எப்பப் போனீங்க?"

"காலையில டியூட்டிக்குக் கிளம்பறப்ப."

"இப்ப மத்தியானம் தாண்டியாச்சு. தண்ணி குடிச்சீங்களா?"

"ரெண்டு சொம்பு குடிச்சாரு," என்றாள் அவள். "பெரிய சொம்பு."

"இப்ப போகணும்னு தோணுதா?"

"தோணவே இல்ல," என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் அவன் சட்டையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்தார். கை அங்கேயே நின்றுவிட்டது. விரல்களால் மெல்லத் தட்டினார். கால்பந்து ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தது மாதிரி புடைத்திருந்தது வயிறு.

"அழுத்தறேன். வலிக்குதா? முட்டுதா?"

"இல்லையே."

"சார், நீங்க அடக்கலை. உங்களுக்கு வர்றதே தெரியலை."

டாக்டர் அவன் கண்ணை மூடச் சொன்னார். ஒரு பஞ்சை எடுத்து அவன் பாதத்தில், கெண்டையில், தொடையின் உட்பக்கம் என்று தொட்டுக்கொண்டே போய், தெரிகிறபோது சொல்லச் சொன்னார். எங்கெங்கோ தொட்டார். அவன் காத்துக்கொண்டே இருந்தான்.

"ஆரம்பிங்க டாக்டர்," என்றான் கண்ணை மூடியபடியே.

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு தொட்ட இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கால் கட்டை விரலை மேலே தூக்குங்க."

இடது விரல் கொஞ்சம் அசைந்தது. வலது விரல் அசையவே இல்லை. ஆனால் அவன் தூக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பது அவன் நெற்றியின் சுருக்கத்தில் தெரிந்தது.

"கீழ் முதுகுல நரம்பை ஏதோ நசுக்குது," என்றார் டாக்டர். "டிஸ்க்கா இருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கணும். உள்ளே ஒரு பேஷண்ட் இருக்காங்க, அவங்க முடிஞ்சதும் அடுத்தது நீங்க. சார், மறுபடி கேக்கறேன். ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு மாத்திரையும் கிடையாது." மணிக்கட்டில் பிடி நகம் பதிகிற அளவுக்கு இறுகியது.

நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டார். "சார், கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க."

அவனால் ஒருக்களிக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே உடம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. கன்ட்ரோலர் முன்னால் வந்து அவன் தோளையும் இடுப்பையும் பிடித்து, குழந்தையைப் புரட்டுவது மாதிரி புரட்டிவிட்டார். அவன் முகம் அவள் பக்கமாகத் திரும்பியது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை.

நர்ஸ் பஞ்சால் துடைத்தார்.

"சிஸ்டர், ஊசியை நிறுத்துங்க," என்றாள் அவள்.

"பயப்படாதீங்கம்மா, வலிக்காது."

"வலிக்குமேன்னு சொல்லலை. போடக் கூடாது." கையை உதறி விடுவித்துக்கொண்டு, கைப்பையைத் திறந்து மாத்திரைப் பட்டையைக் கட்டில் மேல் போட்டாள். "தினமும் ஒண்ணு சாப்பிடறாரு. போன வருஷத்துலேர்ந்து. இதயம் தாளம் தப்பித் துடிக்குதுன்னு கொடுத்தாங்க. ரத்தப் பரிசோதனைக்குப் போயி ரொம்ப நாளாச்சு."

அவள் கன்ட்ரோலரைப் பார்க்கவில்லை. டாக்டரை மட்டுமே பார்த்துக்கொண்டு, புகாரைப் பதிவு செய்கிறவள் மாதிரி ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இந்தத் தடவை யாரும் மூடச் சொல்லவில்லை.

டாக்டர் பட்டையின் பெயரைப் படித்தார். கையில் இருந்த வேலையெல்லாம் நின்றுபோயிற்று. "இதோட வேற வலி மாத்திரை எதுவும் சாப்பிட்டாரா?"

"இல்ல. நான் வீட்டுல வாங்கறதே இல்ல."

கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எப்போதும் என்ஜினுக்கு மேலே கேட்கும் குரல் இப்போது தொண்டையைத் தாண்டவே சிரமப்பட்டது.

"நான் கொடுத்தேன் டாக்டர். இடுப்பு வலின்னான். என் பையில எப்பவும் இருக்கும். ஒரு வாரமா காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எங்க ஆளுங்க எல்லாருக்கும் கொடுக்கற மாதிரிதான் கொடுத்தேன்."

அதற்குப் பிறகு எல்லாமே ஓட்டம்தான். டாக்டர் போனில் பேசிக்கொண்டே நடந்தார். ஸ்கேன் அறைக்கு உள்ளே இருந்த நோயாளியை நடுவில் வெளியே கொண்டுவரச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள், அவசரம் என்று சீட்டு ஒட்டினார்கள். ஒரு குழாய் வைத்துச் சிறுநீரை வடித்தார்கள். பை நிரம்பி, இன்னொரு பை மாட்டினார்கள். கட்டிலின் பிரேக்கை உதைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது அவளும் கூடவே ஓடினாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஸ்கேன் அறை வாசலில் பெஞ்சு இருந்தது. அவள் உட்காரவில்லை. சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை போவதும் வருவதுமாக இருந்தாள். கன்ட்ரோலர் மட்டும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என்கிட்ட ஏன் தங்கச்சி சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "மேலே சொல்லியிருப்பேன்."

"அதான் அண்ணே சொல்லலை."

"ஆனா மாத்திரை கொடுத்திருக்க மாட்டேன்."

அவள் மறுபடி தண்ணீர்த் தொட்டி வரை நடந்தாள். உள்ளே அந்த மெஷின் யாரோ தகரக் கதவைத் தட்டுவது மாதிரி தட்டிக்கொண்டே இருந்தது. நின்றது. கொஞ்சம் பொறுத்து வேறு தாளத்தில் மறுபடி ஆரம்பித்தது. 'இந்த ஆளைச் சும்மா படுக்க வைக்கறதே பெரிய பாடு, அசையக் கூடாதுன்னு சொன்னா அசைவாரே' என்று நினைத்தவளுக்கு, அவனால் இப்போது அசைய முடியாது என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டினார். கூடவே ஒரு சர்ஜன், நடு வயதுக்காரர், சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும், கை இன்னும் ஈரமாக இருந்தது. முதுகெலும்பு அடுக்கடுக்காகச் சாம்பல் நிறத்தில் இறங்கியது. அதற்குப் பின்னால் நீளமாக, பாதாம் பருப்பை இழுத்துவிட்ட மாதிரி ஒரு உருவம்.

"இது டிஸ்க் இல்லம்மா," என்றார் சர்ஜன். "ரத்தம். முதுகெலும்புக்குள்ள ஒரு குழாய் இருக்கு. காலுக்கும் மூத்திரப் பைக்கும் போற நரம்பெல்லாம் அதுக்குள்ளதான் கொத்தா இறங்குது. நரம்பை மூடியிருக்கற உறைக்கு வெளியில ரத்தம் கசிஞ்சிருக்கு. எலும்புக் குழாய் விரியாது இல்லையா? அதனால ரத்தம் நரம்பைப் போட்டு நசுக்குது."

"வெளியில ஒரு சொட்டுகூட வரலையே. நான் பார்த்தேனே."

"வெளியில வந்திருந்தா இவ்வளவு ஆபத்து இல்ல."

குழாய், கசிவு, அழுத்தம். அவள் தினமும் காதில் கேட்கிற வார்த்தைகள்தான். தெருவில் தண்ணீர் கொப்பளித்தால் ஊரே போன் பண்ணும். தரைக்கு அடியில் கசிந்தால் சாலை உள்வாங்கிய பிறகுதான் தெரியும்.

"உடனே ஆபரேஷன் பண்ணணும்," என்றார் சர்ஜன். "பின்பக்க எலும்பைக் கொஞ்சம் எடுத்துட்டு ரத்தக் கட்டியை உறிஞ்சி எடுப்போம். அதுக்கு முன்னால ரத்தம் உறையறதுக்கு மருந்து கொடுக்கணும், இல்லேன்னா கத்தி வைக்க முடியாது. அதைக் கொடுக்க ஆரம்பிச்சாச்சு. மாத்திரை விஷயம் தெரியாம நான் முதுகைத் திறந்திருந்தா..." முடிக்காமல் தலையை ஆட்டினார்.

"நடப்பாரா?"

"நரம்பு நசுங்கி ரொம்ப நேரம் ஆகலை. அது நல்லது. நடப்பாருன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். நாளைக்கு விரல் அசைஞ்சா நம்பிக்கையா பேசுவேன்."

ஆபரேஷன் முடிந்தது, கட்டி வந்துவிட்டது, உயிருக்குப் பயமில்லை என்று சாயங்காலம் சொன்னார்கள். காலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கன்ட்ரோலர் கிளம்பும்போது அவள் முன்னால் வந்து நின்றார். என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் மேலே சொல்லித்தான் ஆகணும் தங்கச்சி. மாத்திரை கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுவேன்."

"சொல்லுங்க அண்ணே."

"அவன் என்கூடப் பேச மாட்டான்."

"என்கூடவும்தான் பேச மாட்டாரு. வாங்க, நாம ரெண்டு பேரும் பேசிக்குவோம்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. படியில் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவனை வார்டுக்கு மாற்றினார்கள். நேராகப் படுக்க வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. அவள் தண்ணீரை ஸ்பூனால் கொடுத்தபோது குடித்தான். தலையணையைச் சரி செய்தபோது இடம் கொடுத்தான். பேசவில்லை. அவள் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பையில் இருந்த துண்டுகளை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். ஸ்பூனைக் கழுவினாள். கழுவிய ஸ்பூனை மறுபடி கழுவினாள்.

டாக்டர்கள் இன்னும் சுற்றுக்கு வரவில்லை. அவன் விரலைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு மனம் அரித்தது. பார்க்கப் பயமாகவும் இருந்தது.

"சொல்லிட்டே இல்ல," என்றான், கூரையைப் பார்த்தபடி.

"சொல்லிட்டேன்."

"அவர் முன்னாலயே."

"உங்க பின்னால ஊசி வந்துட்டுது. நல்ல நேரம் பார்த்துட்டா இருக்க முடியும்?"

"குடைக்குக் காவல் இருக்கப் போறேன்."

"இருங்க. மழைக்காலத்துல கௌரவமான வேலைதான்."

"நக்கலா உனக்கு? பதினெட்டு வயசுல வண்டியைத் தொட்டவன் நான். என் கையில இருந்த ஸ்டியரிங்கை நீ பிடுங்கிக் கொடுத்துட்டே."

"ஆமா, கொடுத்தேன். இன்னொரு தடவை கேட்டாலும் கொடுப்பேன்." போர்வை விலகி அவன் பாதம் வெளியே தெரிந்தது. சில்லென்றிருந்த அந்தப் பாதத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் போர்வையை இழுத்தாள். "பஸ்ஸை ஓட்டறப்ப கால் வராம போயிருந்தா பின்னால உட்கார்ந்திருக்கற அத்தனை பேருக்கும் யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

"தொடாதே என்னை. விடு காலை."

அவன் காலை இழுத்துக்கொண்டான்.

நிறைய இல்லை. ஒரு சாண்கூட இருக்காது. ஆனால் அவள் கையிலிருந்து பாதம் நழுவியது. அவள் விடவில்லை, அதுவாகத்தான் போயிற்று. வலது கால்.

இருவரும் போர்வையின் அந்த நுனியையே பார்த்தார்கள்.

"நீயா தள்ளிவிட்டே?" என்றான் அவன். குரலே மாறியிருந்தது.

"நான் ஏன் தள்ளறேன்? நீங்கதான் கோபமா இழுத்தீங்க."

"இல்ல, நீ விட்டிருப்பே."

"சரி, இப்ப இழுங்க. நான் தொடலை. பாருங்க, கையை மேலே வச்சிருக்கேன்."

அவன் முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது. கால் அப்படியே கிடந்தது. மறுபடி முயன்றான். கட்டை விரல், காற்றில் ஆடுகிற இலை நுனி மாதிரி, தயங்கித் தயங்கி ஒரு தரம் மேலே வந்து விழுந்தது. அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"வந்துச்சா?" என்று கேட்டான். அவனுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"வந்துச்சு."

"நிஜமாவா? என்கிட்ட எதையும் மறைக்காதே."

"நான்தான் எதையுமே மறைக்க மாட்டேன்னு நேத்து ஊருக்கே தெரிஞ்சுபோச்சே."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்க அவன் கையைத் தூக்குவதற்குள் அவள் துண்டால் துடைத்துவிட்டாள்.

"முதல் தடவை பெரிசா வந்துச்சே," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "இப்ப ஏன் அவ்வளவு வரலை?"

"அப்ப கோபமா இருந்தீங்க."

"இப்பவும் கோபமாத்தான் இருக்கேன்."

"போதலை போலிருக்கு." அவள் கால்மாட்டில் போய் நின்று, போர்வையை முழுதாக விலக்கினாள். "டாக்டர் வர்றதுக்குள்ள இன்னொரு தடவை பார்த்துடலாம். திட்டுங்க என்னை."